ஞாயிறு பத்து மணிக் கூட்டம்

குடும்பத்தில் மகிழ்ச்சியை உண்டாக்குவது எப்படி என்று என் அப்பாவுக்குத் தெரியும். ஆபீசில் ஒருவர் வந்து ஒன்றரை மணி நேரம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அப்பா தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் கிளார்க். எழுபதுகளின் நடுவில், புதுத் துறைமுகம் வந்திருந்த சமயம். அவர்கள் ஆபீஸ் மனமகிழ் மன்றத்தில் மாதம் ஒரு சொற்பொழிவு நடக்கும். வழக்கமாக ஆன்மிகம், இல்லாவிட்டால் சர்க்கரை வியாதி. அந்த மாதம் வந்தவர் இனிய இல்லறத்தைப் பற்றிப் பேசினாராம். வாரத்துக்கு ஒரு முறை குடும்பம் கூடி உட்கார்ந்து மனம் விட்டுப் பேச வேண்டும், முடிவுகளைச் சேர்ந்து எடுக்க வேண்டும், எங்கே போனாலும் சேர்ந்தே போக வேண்டும். விஷயம் இவ்வளவுதான். அன்று வீட்டுக்கு வந்த அப்பாவின் முகம் அப்படி மலர்ந்திருந்தது. பாவம், அவர் நல்லவர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், வீட்டில் குரலை உயர்த்திப் பேசினதே இல்லை. அதனால்தான் அவரை இன்றுவரை என்னால் முழுசாகக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கூட்டம் ஆரம்பித்துவிட்டது. காலை பத்து மணி, முன்னறை. அப்பா நாற்காலியில், அம்மா, அண்ணன், நான், தம்பி நால்வரும் பாயில். தலைவர் அப்பா. செயலாளரும் அப்பா. கோடு போட்ட நோட்டில் ஆபீஸ் மினிட்ஸ் மாதிரியே எழுதுவார். ஒவ்வொருவரும் அந்த வாரம் நடந்த நல்ல காரியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிறகு குறை ஏதும் இருந்தால் சொல்ல வேண்டும். தீர்மானம் என்று வந்தால் கை தூக்கி ஓட்டு. இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் மட்டும் தலைவர் ஓட்டுப் போடுவார்.

பிள்ளைகள் எங்களுக்கு நல்ல வேடிக்கை. எட்டு வயதுத் தம்பி, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதை மூன்று வாரம் தொடர்ந்து நல்ல காரியமாகச் சொன்னான். பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்த அண்ணன், பேனா இல்லாததைக் குறையாகச் சொல்லி, தீர்மானம் போட்டு, வாங்கியும் விட்டான். பதிமூன்று வயதில் எனக்கு வாயாடிப் பட்டம் இருந்ததால் நான் பேசுவதற்குப் பஞ்சமே இல்லை. அம்மா மட்டும் தன் முறை வந்ததும் "ஒண்ணுமில்ல" என்பாள். நல்லதும் ஒண்ணுமில்ல, குறையும் ஒண்ணுமில்ல. கண் அடுப்பங்கரைப் பக்கமே இருக்கும். வாங்கி வைத்த மீன் அங்கே கிடக்கும். கூட்டம் நீண்டால் அது கெட்டுப் போகும். அப்பா சலிக்காமல் "அம்மா: ஒன்றுமில்லை" என்று எழுதிக்கொள்வார். ஒரு வாரம் பெருமையாகவே சொன்னார்.

"பாத்தியளா, நம்ம வீட்ல அம்மாவுக்குக் கொறையே கெடையாது."

அம்மாவின் குறை தெருவுக்கே தெரியும். மூன்று தெரு தள்ளி அவளுடைய அண்ணன் வீடு இருந்தது. மாமாவுக்குக் கருப்பட்டிக் கடை. சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்த அம்மாவை வளர்த்துக் கட்டிக் கொடுத்தவர் அவர்தான். நான்கு வருஷத்துக்கு முன் அவர் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார். எங்கள் பக்கம் இப்படி ஒரு விசேஷம் என்றால், தங்கை புருஷனை அண்ணனும் அவர் மனைவியும் நேரில் வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட வேண்டும். மாமாவுக்கு அந்த வாரம் பார்த்து இடுப்புப் பிடிப்பு. மாப்பிள்ளை நம்ம ஆள்தானே என்று கடைச் சிப்பந்தியிடம் பத்திரிகையைக் கொடுத்தனுப்பிவிட்டார். அப்பா அதை வாங்கி, நின்றபடியே படித்து, மடித்து வைத்துவிட்டு, சிப்பந்திக்கு மோர் கொடுக்கச் சொன்னார். விசேஷத்துக்குப் போகவில்லை.

"ஆள் விட்டனுப்பினா போறதுக்கு நான் என்ன அவரு கடையில சம்பளமா வாங்குதேன்?"

ஒரே ஒரு தடவைதான் இப்படிக் கேட்டார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றது. மாமாவும் லேசுப்பட்டவர் இல்லை. இடுப்பு சரியான பிறகு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், வரவில்லை. எங்கள் வீட்டுக்குக் கருப்பட்டி, மார்க்கெட்டைத் தாண்டி வேறொரு கடையிலிருந்து வந்தது. சுக்குக் காப்பி என்றைக்காவது ருசியாக இருந்துவிட்டால் அப்பா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இது எந்தக் கடை?" என்று கேட்பார்.

கூட்டம் தொடங்கி ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்தபடியே அம்மாவிடம் சொன்னாள்.

"யக்கா, ஒங்க அண்ணன் வீட்ல மூணு நாளா மீனு வேண்டாங்காவ. அண்ணாச்சிக்கு மஞ்சக்காமாலையாம். கண்ணெல்லாம் மஞ்சளாக் கெடக்கு, நானே பாத்தேன்."

அம்மா வீட்டுக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அங்கன போனா சொல்லு, இன்னைக்கு நான் வாரேன்னு" என்றாள். வாசலில் தலை பின்னிக்கொண்டிருந்த என் காதில் அது நன்றாக விழுந்தது.

அன்றைக்குக் கூட்டத்தில் பேச வேண்டியது கப்பலைப் பற்றி. புதுத் துறைமுகம் வரும்வரை தூத்துக்குடிக்காரர்களுக்குக் கப்பல் என்றால் தூரக் கடலில் தெரிகிற ஒரு புள்ளிதான். சரக்கெல்லாம் தோணியில் வரும். புதுத் துறைமுகத்தில் கப்பல் கரையோடு ஒட்டி வந்து நின்றது. அதில் ஏறிப் பார்க்க அப்பா ஆபீஸ் மூலமாக ஐந்து பேருக்கும் பாஸ் வாங்கியிருந்தார். அன்று பிற்பகல் மட்டும் செல்லும். நான் வகுப்பில் ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

அம்மாவின் முறை வந்தது. அப்பா "ஒன்றுமில்லை" என்று எழுதவே தொடங்கிவிட்டார்.

"எங்க அண்ணனுக்கு மஞ்சக்காமாலையாம். இன்னைக்குப் போய்ப் பாக்கணும்" என்றாள் அம்மா.

அப்பாவின் பேனா நின்றது. அவருக்கும் உள்ளுக்குள் ஆடிப்போயிற்று என்றுதான் நினைக்கிறேன். "கெளம்பு, போவோம்" என்ற சொல் அவருடைய தொண்டை வரை வந்தது என்றுகூட நம்ப ஆசையாக இருக்கிறது. ஆனால் அவர் வேறு பேசினார்.

"நீ மனசு விட்டுப் பேசினது ரொம்ப நல்ல விஷயம். போனா குடும்பமாத்தான் போகணும். ஒருத்தர் மட்டும் போயிட்டு வந்தா ஒளிஞ்சு போன மாதிரி ஆயிரும். ஆனா பாஸ் இன்னைக்கு விட்டா கெடையாது. நான் தடுக்கல. ஓட்டுக்கு விடுதேன்."

மாமா வீட்டுக்கு யார் யார் என்று கேட்டார். அம்மா கை தூக்கினாள். எதற்கும் தூக்காத கை; தோளுக்கு மேல் எழும்பவில்லை. அண்ணன் தூக்கினான். கப்பலுக்கு யார் யார் என்றார். தம்பி இரண்டு கையையும் தூக்க, ஒரு கை போதும் என்று அப்பா இறக்கச் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்காமல் அப்பாவின் நோட்டைப் பார்த்துக்கொண்டு கையைத் தூக்கினேன்.

இரண்டுக்கு இரண்டு. அப்பா வெகுநேரம் நோட்டையே பார்த்தார்.

"தலைவர் ஓட்டு கப்பலுக்கு. ஒங்க அண்ணன் எங்க போயிரப் போறாரு? அடுத்த ஞாயித்துக்கெழம மொத வேலையா அங்கதான்."

அம்மா எழுந்து மீன் கழுவப் போனாள். அப்பா எழுதினார்: "அம்மாவின் கோரிக்கை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது."

கப்பல் நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? இரும்புச் சுவர் வானத்தை மறைத்து நின்றது. மேல்தளம் செருப்பையும் மீறிச் சுட்டது. நரைத்த தலை மாலுமி ஒருவர் எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு ஆப்பிள் கொடுத்தார். அம்மா ஏறவில்லை. தலை சுற்றும் என்று சொல்லிக் கீழேயே ஒரு சரக்குக் கிட்டங்கி நிழலில் நின்றுகொண்டாள். மேலிருந்து பார்த்தேன். கப்பலுக்கு முதுகைக் காட்டி, ஊர்ப் பக்கம் பார்த்து நின்றாள். நான் இறங்கி வந்ததும், "நல்லா இருந்துச்சா, ஏளா?" என்று கேட்டாள். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள். ரொம்ப நல்லா இருந்ததென்று நானும் நிஜமாகவே சொன்னேன்.

புதன்கிழமை காலையில் மாமா இறந்துபோனார்.

சேதி வந்ததும் முதலில் சட்டையை மாட்டியவர் அப்பாதான். இழவுக்கு யாரும் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடுவதில்லை, அதனால் மரியாதைக்குப் பங்கமில்லை. நான்கு வருஷமாகப் போகாத வீட்டுக்கு நாங்கள் ஐந்து பேரும் குடும்பமாகப் போனோம். நடந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அத்தை அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில் அவள் சொன்னதைப் பக்கத்தில் நின்ற நான் கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம நீ வாரேன்னு மீன்காரி சொன்னாளாம். எந்திரிச்சு வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டு வெளக்கு வைக்கிற வரைக்கும் வாசலப் பாத்து உக்காந்திருந்தாவ, ஏளா. படுங்கன்னாலும் கேக்கல."

அம்மா அழவில்லை. அத்தையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அடுத்த ஞாயிறு, பத்து மணிக்கு அப்பா பாயை விரித்தார். போன கூட்டத்தின் குறிப்பை வாசித்துவிட்டுத்தான் புதுக் கூட்டம் தொடங்குவது வழக்கம். வாசித்துக்கொண்டே வந்தவர் அம்மாவின் கோரிக்கைக்கு வந்ததும் நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்போதாவது ஏதாவது சொல்வார், அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் அந்த வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனார். பிறகு, குறை ஏதும் உண்டா என்று கேட்டார். அம்மா "ஒண்ணுமில்ல" என்றாள். எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் கூட்டம் நடந்தது. அண்ணன் எதற்கும் கை தூக்கவில்லை. வேலை கிடைத்ததும் பம்பாய் போனவன், கல்யாணம் காட்சிக்கு மட்டும் வந்தான். அப்பாவும் அம்மாவும் அதே வீட்டில் கடைசிவரை இருந்தார்கள். ஒரு சண்டை கிடையாது. பார்த்தவர்கள் எல்லாரும் கொடுத்துவைத்த குடும்பம் என்றார்கள். அந்தச் சொற்பொழிவாளர் சொன்னதில் ஒன்றைக்கூட அப்பா விட்டுவைக்கவில்லை. சேர்ந்து உட்கார்ந்தோம், சேர்ந்து முடிவெடுத்தோம், சேர்ந்தே போனோம். வேறென்ன செய்திருந்தால் நாங்கள் நன்றாக இருந்திருப்போம் என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. என் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து நான் ஒன்றும் கேட்டதில்லை. அவர்களும் சந்தோஷமாக இருப்பதாகத் தெரியவில்லை.

நான் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தபோது ஒரு நாள், அம்மா பின்கட்டில் மீன் உரசிக்கொண்டிருந்தாள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அத்தனை வருஷமாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு நான் கப்பலுக்குக் கை தூக்கினேன்லாம்மா. என் மேல வருத்தமா?"

சின்னப் பிள்ளை, உனக்கென்ன தெரியும் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். அதற்காகத்தான் கேட்டேன். அம்மா கையிலிருந்த மீனைத் திருப்பி அடுத்த பக்கத்தையும் உரசி முடித்தாள்.

"பொம்பளப் பிள்ளைலா. நீ எம்பக்கம் தூக்குவேன்னு நெனச்சேன்" என்றாள்.