வேட்டிக்குப் பின்னால் ஒரு பஸ்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு பஸ்ஸையும் இரண்டு லாரிகளையும் கொல்லிமலையிலிருந்து கீழே அழைத்து வந்தேன். ஓட்டிக்கொண்டு அல்ல... நடந்து. நான் முன்னால், அவை பின்னால்.

வழி தெரியுமா என்று கேட்கிறீர்களா? எங்கள் தெரு ரேஷன் கடைக்கே இரண்டு இடத்தில் விசாரித்துப் போகிறவன் நான்.

முந்தின நாள் மலையில் ஓர் இளைஞர் விழா. 'அஞ்சாமல் தலைமை ஏற்பது எப்படி?' என்று முக்கால் மணி நேரம் முழங்கியிருந்தேன். மேடை ஏறுமுன் இரண்டு முறை பாத்ரூம் போனது தனி விஷயம். மறுநாள் விடியற்காலை, பெட்டியில் மிச்சமிருந்த இன்னொரு செட் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் துண்டோடு, மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் பஸ் ஏறினேன்.

எழுபது கொண்டை ஊசி வளைவுகள். எண்கள் அடிவாரத்திலிருந்து தொடங்குவதால், இறங்கும்போது எழுபதாவதுதான் முதலில் வரும். அதற்கு முன்பே பஸ் நின்றுவிட்டது. அப்படி ஒரு பனி. ஹெட்லைட்டைப் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர். அணைத்தால் சாம்பல் சுவர். டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"வெய்யில் வரட்டுங்க. ஒம்பதோ, பத்தோ."

எனக்குப் பக்கத்து சீட்டில் ஒரு பெண், பிளாஸ்டிக் ஃபைலை மார்போடு அணைத்தபடி. அதே மலையில் குண்டனி நாடு என்ற பகுதிக்காரி, பெயர் செல்வி. நாமக்கல்லில் வி.ஏ.ஓ. பரீட்சை. ஒன்பது மணிக்கு கேட்டைச் சாத்திவிடுவார்கள்.

"கவலைப்படாதீங்கம்மா," என்றேன்.

"கவலை இல்லீங்க சார்." குரலைத் தாழ்த்தினாள். "பஸ் போகாட்டி நல்லதுதானுங்க. பனி வந்து கெடுத்துப்போட்டுதுன்னு சொல்லிக்கலாம். ஆபீசரானா நாலு பேரை அதட்டோணும், இதைச் செய், அதைச் செய்யின்னு சொல்லோணும். எம் பேச்சை எங்க ஊட்டுக் கோழியே கேக்காதுங்க."

அந்தப் பெண்ணை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. நம்ம கட்சி! நானும் இப்படி எத்தனை பனிகளுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன்... மழை, காய்ச்சல், ரயில் தாமதம்.

ஆனால் பின் சீட்டில் மிளகு மூட்டையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் விடுவதாக இல்லை. "ஏனுங்க டிரைவரே, அந்தப் புள்ள மூணு வருசமாப் படிக்குது. ஏதாச்சும் பண்ணுங்க."

டிரைவர் யோசித்தார். "முன்னால வெள்ளையா ஏதாச்சும் நடந்தா, அதைப் பார்த்து ஓட்டீருவேனுங்க."

பஸ் முழுக்கப் பழுப்பு ஸ்வெட்டர், சாம்பல் போர்வை, கறுப்புச் சால்வை. நாற்பது தலைகள் மெல்லத் திரும்பின. என் பக்கம்.

"எனக்கு முழங்கால்..." என்று ஆரம்பித்தேன்.

"மெதுவாவே நடங்க சார். எறக்கந்தானே?" என்றார் கண்டக்டர்.

"நேத்து மைக்குல, அஞ்சப்படாது அஞ்சப்படாதுன்னு கத்துனது இவருதானுங்களே?" என்றார் மிளகு அம்மாள், யாரிடமோ கேட்பதுபோல.

இறங்கினேன். வேறு வழி?

எனக்கு நாலடி பின்னால் பஸ். அதன் பின்னால், எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொண்ட இரண்டு லாரிகள். எனக்கோ என் செருப்பே தெரியவில்லை. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம் என்பது மட்டும் தெரியும். எந்தப் பக்கம் எது என்பதுதான் சந்தேகம். பாதத்தால் தார் ரோட்டைத் தடவித் தடவி நகர்ந்தேன். பஸ்ஸும் தடவித் தடவி வந்தது.

நான்கு வளைவுகள் இப்படிக் கடந்தன. குளிரும் பயமும் சேர்ந்தால் உடம்புக்கு ஓர் அவசரம் வரும் இல்லையா? வந்தது. ஓரமாக ஒதுங்கினேன்.

பஸ்ஸும் ஒதுங்கியது. லாரிகளும் ஒதுங்கின.

"வராதீங்க!" என்று அலறினேன்.

ஜன்னல் வழியாகக் கண்டக்டரின் குரல்: "ரோடு அந்தப் பக்கமா போகுதுங்க?"

"ரோடு இல்லைங்க. சொந்த வேலை."

"சீக்கிரமா முடிங்க சார். பின்னால வண்டி நிக்குது."

தலைமை பற்றி இருபது வருஷமாகப் பேசியதில் எனக்குப் பிடிபடாத ஒன்று அங்கே பிடிபட்டது. பின்னால் வருகிறவர்கள் பார்ப்பது நமக்கு வழி தெரியுமா என்பதை அல்ல; வேட்டி வெள்ளையா என்பதைத்தான். நாட்டில் பல விஷயங்கள் இப்போது புரிகின்றன அல்லவா?

அடுத்த வளைவில் நின்றுவிட்டேன். காலுக்கு முன்னால் தார் இல்லை, மண். இடப்பக்கமும் மண். வலப்பக்கம் வெறும் பனி. நான் தவறாக ஓர் அடி வைத்தால் நாற்பது பேரும் அதே அடியை வைப்பார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. முழங்கால் நிஜமாகவே ஆடியது. கையைத் தூக்கி, என் வாழ்க்கையில் எந்த மேடையிலும் சொல்லாததைச் சொன்னேன்.

"எனக்கு வழி தெரியலைங்க."

பஸ்ஸின் கதவு திறந்தது. செல்வி.

"சார், இது அறுபத்தாறாங்க?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அறுபத்தாறுதானுங்க. அறுபத்தேழுல பெரிய குலுக்கல் ஒண்ணு இருந்துதே." என் துண்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். "கோச்சிங் கிளாஸுக்கு வாரம் ரெண்டு தடவை போவேனுங்க. எனக்கு பஸ்ஸு ஒத்துக்காது, வாந்தி. அதனால ஏறுனதும் கண்ணை மூடிக்குவேன். மூணு வருசத்துல இந்த ரோட்டைக் கண்ணால பாத்ததே இல்லீங்க."

அதாவது, அந்தப் பஸ்ஸிலேயே பனியால் எந்த நஷ்டமும் அடையாத ஒரே ஆள் அவள்தான்.

"இங்க வயிறு இடப்பக்கம் சாயும். அப்ப ரோடு வலப்பக்கம் திரும்புதுங்க. அப்புறம் ஒரு குழி."

திரும்பினோம். குழி வந்தது. என் கால்தான் முதலில் கண்டுபிடித்தது.

அதன் பிறகு நான் வெறும் வேட்டி. அவள் சொல்லச் சொல்ல நடந்தேன். பின்னால் லாரியின் ஹெட்லைட் பனியில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தபோது, என்னிடம் மெதுவாக, "லைட்டை அமத்தச் சொல்லுங்க சார்," என்றாள்.

"நீங்களே சொல்லுங்க."

"நானுங்களா?" தயங்கினாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "லாரிக்கார அண்ணா, அந்தப் பெரிய லைட்டை அமத்துங்க. டிரைவரண்ணா, ஹாரன் அடிக்காதீங்க, எனக்கு எண்ணிக்கை தப்பீரும்," என்றாள்.

லைட் அணைந்தது. ஹாரன் நின்றது. அவள் ஒரு கணம் பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு யாரோ பேசியதுபோல.

ஐம்பத்திரண்டாவது வளைவில் பனி விலகியது. பஸ்ஸில் ஏறினோம். ஏறியதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

நாமக்கல்லில், ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, பரீட்சை நடக்கும் பள்ளிக்கூட வாசலிலேயே டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டார். நானும் அவளோடு இறங்கினேன். ஏன் இறங்கினேன்? தெரியாது. இறங்குவது அன்று பழகிப்போயிருந்தது.

கேட்டுக்கு இரண்டடி முன்னால் அவள் நின்றாள். "இன்னமும் பயமாத்தான் இருக்குதுங்க சார்."

முந்தின நாளாக இருந்திருந்தால் இதற்கு முக்கால் மணி நேரம் பதில் சொல்லியிருப்பேன். "எனக்கும்தாம்மா," என்றேன். "இன்னும் முழங்கால் ஆடுது."

"சரிங்க, வாரேன்," என்று உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் என்னையறியாமல் ஓரடி பின்தொடர்ந்துவிட்டேன்.

காவலாளி குச்சியைக் குறுக்கே நீட்டினார். "கூட வந்தவங்க வெளியதானுங்க நிக்கோணும்."

எத்தனையோ மேடைகளில் எனக்கு எத்தனையோ பட்டங்கள் தந்திருக்கிறார்கள். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது இது ஒன்றுதான்.