வேன் சூடாகும் நேரம்

மைசூரில் ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் பின்புறம் ஒரு சந்தில் நாங்கள் குடியிருந்தோம். எங்கள் சமையலறை ஜன்னலை ஒட்டி ஒரு பழைய டீசல் வேன் நிற்கும். எதிர்வீட்டு மாடி அறையில் தனியாக இருந்த டிரைவர் அதில் பெண்களை ஃபாக்டரிக்கு ஏற்றிக்கொண்டு போவார். முதலில் ஏறுகிறவள் என் சித்தி. கௌதள்ளியிலிருந்து வேலைக்கு வந்து எங்களோடு தங்கியிருந்தாள். டிரைவரும் அந்தப் பக்கத்துக்காரர்தான். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன்.

மார்கழிக் குளிரில் அந்த வேன் லேசில் கிளம்பாது. சாவியைத் திருப்பினால் முனகும், உதறும், அணைந்துவிடும். ஒருவழியாக ஸ்டார்ட் ஆனதும் சந்து முழுக்க வெள்ளைப் புகை நிறைந்துவிடும். எஞ்சின் சூடேறிப் புகை அடங்கும்வரை பக்கத்து வீட்டுக் கதவே கண்ணுக்குத் தெரியாது. எனக்கு அதில் கையை நீட்டி விரல்கள் மறைவதைப் பார்ப்பது விளையாட்டு. கைக்குழந்தையாயிருந்த தம்பிக்கோ இருமல் வந்துவிடும்.

எல்லோரையும்விடச் சித்திதான் அதிகம் சலித்துக்கொள்வாள். தலையெல்லாம் டீசல் நாற்றம் என்பாள். அப்படிச் சொல்கிறவள், சாவி திருப்பும் சத்தம் கேட்டதும் சாப்பாட்டு டப்பாவோடு வெளியே போய்விடுவாள். வேனுக்குள் உட்காராமல், துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு புகையிலேயே நிற்பாள். வேலையில் அவ்வளவு அக்கறை என்று அப்பா மெச்சிக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை தம்பிக்கு இருமல் நிற்கவேயில்லை. அப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“ஏனுங்க, கொழந்தைக்கு ஆகமாட்டேங்குது. வண்டிய மெயின் ரோட்டுல நிறுத்திக்குங்க.”

“ஒரே ஒரு நாள் பொறுங்க. ஹீட்டர் பிளக் போயிருச்சு, அதான் இப்படிப் புகையுது. நாளைக்கே மாத்திடறேன்” என்றது புகைக்குள்ளிருந்து டிரைவரின் குரல். பிறகு கொஞ்சம் தணிந்து, “இவங்களும் தெனம் சொல்லிட்டேதான் இருக்காங்க” என்றது. இவங்க என்றது பக்கத்தில் நின்ற சித்தியை.

சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை ரிப்பேர் செய்துவிட்டார். திங்கட்கிழமை காலை சாவியைத் திருப்பினதும் வேன் ஒரே மூச்சில் உறுமியது. பேருக்குக்கூடப் புகை இல்லை. சித்தி பாதிப் பின்னலோடு ஓடினாள். அவள் ஏறியதும் வண்டி சந்தைத் தாண்டிவிட்டது.

“நல்ல மனுஷன்” என்று அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னாள்.

அன்று சாயங்காலம் சித்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். இனிமேல் தலை நாறாதே என்று நான் சந்தோஷமாகச் சொன்னதற்கு, “ஆமா, ரொம்ப முக்கியம்” என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை டிரைவர் படியிறங்குவதைப் பார்த்ததும் சித்தி என்னை அருகே இழுத்தாள். “கண்ணு, போயி சொல்லு. புகை வரலைன்னாலும் குளிர் காலத்துல எஞ்சினைச் சூடு பண்ணாம எடுக்கக் கூடாதாம்.”

நான் ஓடிப்போய் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். அவர் எங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று கேட்டு வரச்சொன்னார். திரும்ப ஓடிவந்து கேட்டேன்.

“முன்ன எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம்” என்றாள் சித்தி. அடுப்படியில் அம்மா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

வைகாசியில் மாமா எனக்குச் சித்தப்பா ஆனார். உறவுமுறை மாறியதில் நாக்கு பழக எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு ஒன்றும் தெரியாது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வேன் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. சித்தி கதவில் சாய்ந்திருந்தாள். அவர் எதிரில் நின்று தரையைப் பார்த்து ஏதோ சொன்னார், அவள் சிரித்தாள்.

“புகையே இல்லையேம்மா. சூடாயிடுச்சுன்னு எப்படித் தெரியும்?”

“அது அவங்களுக்குத் தெரியும். நீ பாலைக் குடி.”

எஞ்சினைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பாலைக் குடித்தேன்.