முழுவதும் நடந்தார்

"1968, தை மாதம். அண்ணன் பழனி வரை முழுவதும் நடந்தார்." வழி முழுக்க நடந்தவர்களின் பெயரை மட்டும் ஏற்றும் என் பாதயாத்திரை நோட்டில் இப்படி ஒரு வரி இருக்கிறது. என் கையெழுத்துதான்.

தச்சு வேலை செய்யும் என் அண்ணன், மூன்றாம் நாளே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "மடக்க முடியலடா. சாமான் வண்டியில ஏறிக்கிறேன்" என்றார்.

"வண்டியில வந்தீகன்னா நோட்டுல பேர் ஏறாதுண்ணே. இங்குட்டு வலிக்காத ஆளு யாரு?" என்றேன்.

சிரித்தபடி எழுந்தார். "பெரிய ரிக்கார்டு ஆபீசருடா நீ. எழுதிக்க, நடக்குறேன்."

ஊர் திரும்பிய பின் அவரால் தரையில் உட்கார்ந்து உளி பிடிக்க முடியவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, செக்காலைப் பகுதியில் ஒரு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டினார். எலும்புகளுக்கு நடுவே இடைவெளியே இல்லை. அங்கே இருக்கவேண்டிய குருத்தெலும்பு, புரத இழைகளால் பின்னிய மெத்தை என்றார். அதில் நீரைப் பிடித்துவைக்கும் புரதங்கள் சிதைந்தால் மெத்தை தேய்ந்துவிடுமாம்; திரும்ப வளராதாம்.

"நடந்ததாலயா டாக்டர்?" என்றேன்.

அண்ணன் முந்திக்கொண்டார். "சொல்லிராதீக டாக்டர், அதையும் நோட்டுல ஏத்திருவான்."

அவர்கள் இருவரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை.

அண்ணன் பிறகு உளியைத் தொடவேயில்லை. முழங்காலை மடக்க முடியவில்லை என்று அவர் மூன்றாம் நாள் சொன்னதை, அந்த வரிக்குக் கீழே பின்னர் எழுதிச் சேர்த்தேன். அந்த நடைதான் முழங்காலைக் கெடுத்ததா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை என்றும் எழுதியிருக்கிறேன்.