பத்தேகால் மணி ஆராதனை

பஹ்ரைனில் எங்கள் தமிழ்ச் சபைக்கு வெள்ளிக்கிழமை காலை எட்டிலிருந்து பத்து மணி வரைதான் கோயில். பத்தேகாலுக்கு அதே கோயில் ஆப்பிரிக்கச் சபைக்கு. பரலோகத்தில் எல்லோருக்கும் ஒரே இடம் என்று பாடிவிட்டு, அவர்கள் உள்ளே வருவதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

எங்கள் பாடகர் குழுத் தலைவர் ஏசி கம்பெனியில் சூப்பர்வைசர். வாரமெல்லாம் கட்டடங்களைக் குளிர வைப்பவர், வெள்ளிக்கிழமை எங்கள் தொண்டைகளையும் பதினெட்டு டிகிரியில் வைத்திருப்பார். எனக்குப் பதின்மூன்று வயது. கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சியில் கடைசி வரியை என் இஷ்டத்துக்கு இழுத்துப் பாடிவிட்டேன்.

"ஏட்டி, இது கோயிலா, கிளப்பா? பின்னால போய் நில்லு. வாய மட்டும் அசைச்சா போதும்."

முன்வரிசையில் நின்ற அம்மா பாட்டுப் புத்தகத்தில் எதையோ மும்முரமாகத் தேடினாள். ஈசா டவுனில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது காரில், "அண்ணாச்சி சொன்னா கேட்டுக்கோட்டி. ஒரு அவசரம்னா நமக்கு இங்க வேற யாரு இருக்கா?" என்றாள். அவர் திட்டியதுகூட உறைக்கவில்லை. இதுதான் உறைத்தது.

அடுத்த வாரமே பத்தேகால் மணி ஆராதனைக்குள் நுழைந்தேன். அம்மாவிடம், பக்கத்து ஹாலில் வெள்ளிக்கிழமையே நடக்கும் ஞாயிறு பள்ளிக்கு நாற்காலி அடுக்குகிறேன் என்று பொய். மனாமாவில் ஒரு சலூனில் வேலை செய்த கானா நாட்டு அக்கா என்னைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தி, "வயிற்றிலிருந்து பாடு" என்று ஆங்கிலத்தில் அதட்டினாள். நான்கு வருஷம் அவளோடு பாடினேன். அங்கே கற்றதுதான் கல்யாண வீடு, ஹோட்டல் மேடை என்று ஏற்றி, துபாயில் என்னை ஸோல் என்ற கறுப்பின இசையின் பாடகி ஆக்கியது.

என் வீடியோ ஒன்று எல்லோர் போனிலும் ஓடியதும் சபைக்கு என் மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. "நம்ம பட்டறையில தீட்டுன கத்தி" என்று தலைவர் வாட்ஸப்பில் போட்டார். ஆமாம், தீட்டினார்.

போன வருஷம் நான் பஹ்ரைனுக்கு வந்து அம்மாவோடு இருந்தபோது அவரே போன் செய்தார். கிறிஸ்துமஸ் ஆராதனையில் நான் பாட வேண்டுமாம். அந்த அக்காவும் அவள் குழுவும் என்னோடு பாடினால் வருகிறேன் என்றேன்.

"தாராளமா பாடட்டும் மக்ளே. ஆனா ஆராதனைக்கப்புறம் ஐக்கிய விருந்துல நம்ம ஆளுங்க மட்டுந்தான் இருப்போம். அவங்களுக்குப் பிரியாணிய பார்சலா குடுத்துருவோம்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா போனைப் பிடுங்கினாள்.

"அப்ப எங்க ரெண்டு பேருக்கும் பார்சலே குடுத்துருங்க அண்ணாச்சி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த வாயை அன்றைக்கே திறந்திருக்கக் கூடாதா என்று கோபமும் வந்தது.