மானாப்புல் கொப்பி விற்ற காலம்

கொப்பி விற்பவர்களின் கஷ்டம் கொப்பி விற்றவர்களுக்குத்தான் தெரியும். சேலைக்கடையில் ஐம்பது சேலையை விரித்துப்போட வைத்துவிட்டு ஒன்றுமே வாங்காமல் போகிறவர்களைப் பற்றி ஊரே பேசுகிறது. ஒரேயொரு கொப்பிக்காக ஐம்பது கொப்பியையும் எச்சில் தொட்ட விரலால் புரட்டி, "ஒரு பேனை குடுங்க" என்று வாங்கி மூலையில் தன் பெயரை எழுதிப் பார்த்து, "நாளைக்கு வாறேன்" என்று போகிறவர்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்? புத்தகக்கடையில் நின்று கால் கடுத்தவர்களே, இது உங்களுக்காக.

இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில் ஒரு புத்தகக்கடையில் தொண்ணூறுகளின் கடைசியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஐந்தாறு வருடம் நின்றேன். அதில் ஒரு வருடம் மட்டும் இன்னும் நேற்றுப்போல இருக்கிறது. அதற்குக் காரணம் ஒரு தட்டுக் கொப்பி.

சாக்கோடு வந்தவர்

ஒரு மழை நாள் காலையில், தலையில் பொலித்தீன் உறையைப் போட்டுக்கொண்டு, தோளில் சாக்கோடு ஓர் அக்கா வந்து நின்றார். பெயர் செல்வராணி. கந்தப்பளைப் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையில் தேயிலை அரித்துத் தரம் பிரிக்கும் வேலை செய்தவர். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். கொழுந்தெல்லாம் லொறியில் வேறு தோட்டத்துக்குப் போகிறது. வேலை போன ஆறு பெண்கள் ஒன்றுசேர்ந்து, ஏதோ ஒரு சங்கத்தில் இரண்டு வாரம் பழகி, தாள் செய்யத் தொடங்கியிருந்தார்கள். பழைய கடதாசியோடு, தேயிலைச் செடிகளைப் பிடுங்கிய மலையில் மண் கரையாமல் இருக்க வளர்ப்பார்களே, அந்த மானாப்புல்லையும் சேர்த்து அவித்து, இடித்துக் கூழாக்கி, தொழிற்சாலையில் சும்மா கிடந்த பழைய சல்லடையால் அள்ளிக் காயவைத்த தாள். நல்ல பழுப்பு நிறம். ஊடே ஊடே புல் இழை தெரியும். முகர்ந்தால் மலையில் நிற்பது போலிருக்கும். அந்தத் தாளில் கட்டிய கொப்பிதான் சாக்கு நிறைய.

"இத மனுசன் வாங்குவானா, மாடு வாங்குமா?" என்றார் எங்கள் முதலாளி. நான்தான் சுற்றாடல், மரம் வெட்டாத தாள், டயறி எழுத இதைவிட நல்லது இல்லை என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்தேன். தீபாவளிவரைக்கும் ஒரு தட்டு. அதற்குப் பிறகு அங்கே வாழ்த்து அட்டை அடுக்கவேண்டும். அதற்குள் விற்றால் மறுபடி எடுப்பார், இல்லாவிட்டால் சாக்கோடு திருப்பி அனுப்புவார்.

தேத்தண்ணி குடிக்கும்போதுதான் அக்கா மற்றதைச் சொன்னார். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போக ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டாராம். தீபாவளிக்கு முந்தின வாரம், வியாழக்கிழமை, ஹட்டனுக்கு வந்து கையெழுத்துப் போடவேண்டும். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுப் போகவேண்டும். கொப்பி விற்றால் போகவேண்டியதில்லை. எனக்கு எப்போதுமே வாய் கொஞ்சம் நீளம். "நீங்க போகவே வேணாங்க்கா, எல்லாத்தையும் நான் வித்துத் தாறேன்" என்றேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"வாக்கு குடுத்துட்டீங்க தங்கச்சி. நான் இன்னைக்கே மககிட்ட சொல்லிருவேன்."

கோடு கேட்ட மாஸ்டர்

முதல் இரண்டு வாரம் கொப்பியைத் தொடாதவர் இல்லை, வாங்கியவரும் இல்லை. கையால் செய்த தாள் என்றால் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஒரு கொப்பி மெல்லிசு, ஒன்று தடிப்பு, ஒன்று சொரசொரப்பு. எதை எடுப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு அடுக்குவது யார்? நான்தான்.

முதலில் வாங்கியவர் பக்கத்துப் பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து மாஸ்டர். கொப்பியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். "என்ன பிள்ளை, தாளுக்குள்ள புல்லு முளைச்சுக் கிடக்கு?" என்றார். விளக்கம் சொன்னேன். அதைக் கேட்டு முடித்துவிட்டு, "கோட்டைக் காணேல்லை?" என்றார். கோடு போடாத கொப்பி சேர், டயறி எழுதுபவர்களுக்கு அதுதான் சுதந்திரம் என்றேன். அவர் பேனையை வாங்கி ஒரு வரி எழுதிப் பார்த்தார். வரி இடது பக்கம் பள்ளத்தில் தொடங்கி வலது பக்கம் மேட்டில் போய் நின்றது. கணக்கு வாத்தியார், கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"ஏழு வருசமா நான் இந்த மலையில ஏறி இறங்கிறன். என்ர எழுத்தும் கொஞ்சம் ஏறி இறங்கட்டும், தாரும்."

பூனை வாசித்த டயறி

மாஸ்டர் வாங்கிய தைரியத்தில் நான்கைந்து பேர் வாங்கினார்கள். அதில் ஒருவர் டிக்கோயா ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை செய்யும் மிஸ். ஒரு வாரம் கழித்து ஒரு பையைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். உள்ளே கொப்பி இல்லை, கொப்பி இருந்ததற்கான தடயம் இருந்தது. நார் நாராகக் கிழிந்து, மட்டையில் அவர் வீட்டுப் பூனையின் பல் பதிந்திருந்தது.

விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த மாதம் விடாத மழை. ஈரத் தாளை எங்கே காயவைப்பது? செல்வராணி அக்காவும் மற்றவர்களும் தங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுப்புக்கு மேலே, கருவாடு கட்டித் தொங்கவிடும் கயிற்றிலேயே தாளையும் தொங்கவிட்டிருக்கிறார்கள். நமக்கு மானாப்புல் வாசம் அடித்தது. பூனைக்கு வேறு வாசம் அடித்திருக்கிறது. கடையில் மிச்சமிருந்த கொப்பிகளை ஒவ்வொன்றாக மூக்கில் வைத்து முகர்ந்து, கருவாட்டுக் கொப்பிகளை மட்டும் பிரித்துத் திருப்பி அனுப்பினேன். அன்று நான் மத்தியானம் சாப்பிடவில்லை. அக்கா பாவம், மூடிக் கிடந்த தொழிற்சாலையில் கொழுந்து வாடப்போடும் மேல்மாடியைக் காவல்காரரிடம் கேட்டு வாங்கி, புதிதாகத் தாள் காயவைத்துக் கட்டி அனுப்பினார். மிஸ்ஸுக்கு அதிலிருந்து ஒன்றைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவருக்குக் கோபமே இல்லை, ஆச்சரியம்தான்.

"நான் எழுதினத நானே ரெண்டாந்தரம் வாசிச்சதில்ல தங்கச்சி, அது ஒரே மூச்சுல முடிச்சிருச்சி!"

இதில் யானை இல்லை

நவராத்திரி வந்தது. சரஸ்வதி பூசைக்குப் புதுக் கொப்பி வைக்காத வீடு இல்லை. இதுதான் என் காலம் என்று தட்டைத் துடைத்து, கொப்பிகளை வாசலுக்கு நேரே அடுக்கினேன். ஒருவரும் கிட்டே வரவில்லை. வந்தவர்களும் தூர நின்று பார்த்துவிட்டு, சாதாரணக் கொப்பியை வாங்கிக்கொண்டு போனார்கள். கண்டிப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு யானை லத்தியில் செய்த தாளை விற்கிறார்களாம், இதுவும் அதுதான் என்று யாரோ கதை கட்டிவிட்டிருந்தார்கள். சாமிக்கு முன்னால் அதை வைப்பார்களா?

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு பெரிய அட்டையில், "இந்தக் கொப்பியில் யானை லத்தி இல்லை" என்று எழுதித் தொங்கவிட்டேன். கடையில் நின்ற உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அதுவரை அந்தக் கதையைக் கேள்விப்படாதவர்களும் அன்றோடு கேள்விப்பட்டார்கள். முதலாளி அட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அது திட்டு வாங்கியதைவிட மோசமாக இருந்தது. கந்தப்பளையில் ஒரு சின்னப் பிள்ளை என் வாக்கை நம்பிக்கொண்டிருந்தது.

பூசைக்கு முதல்நாள் கோயில் தலைவர் ஒருவர், எழுபது வயதிருக்கும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிக்கோயாவிலிருந்து நடந்தே வந்தார். "அந்த யானைக் கொப்பி எங்கம்மா?" என்றார். நான் சத்தியம் செய்யாத குறையாக, ஐயா, யானைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, எல்லாம் மானாப்புல் என்று விளக்கினேன். அவர் முகம் வாடிப்போயிற்று. என்றாலும் நடந்து வந்ததற்காக ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"அப்ப யானையே இல்லீங்களா? சே, புள்ளையார் சுழி போட எம்புட்டுப் பொருத்தமா இருந்திருக்கும்!"

பூட்டு

எங்கள் கடையில் இன்னொரு டயறியும் இருந்தது. சீனாவிலிருந்து வந்தது. ரோஸ் நிறப் பிளாஸ்டிக் மட்டை, பக்கவாட்டில் சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு பூட்டு, கம்பி வளைத்த ஒரு சாவி. வயசுப் பிள்ளைகள் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். டயகமவிலிருந்து உயர்தர வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை அம்மாவோடு வந்தது. அம்மா கொழுந்து பறிப்பவர். பிள்ளைக்கு மானாப்புல் கொப்பியின் வாசம் பிடித்துவிட்டது. முகர்ந்து பார்த்துக் கீழே வைக்கும், ரோஸ் டயறியை எடுக்கும், திரும்பவும் இதை முகரும். கடைசியில் என் காதருகே வந்து, "அக்கா, இதுக்குப் பூட்டு இல்லையா?" என்றது. ஒற்றை அறைக் காம்பராவில் ஐந்து பேர் இருக்கும் வீடு. அந்தப் பிள்ளை கேட்டது நியாயம்தான்.

மெதுவாகக் கேட்டாலும் அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. எனக்குத்தான் சங்கடமாகப் போய்விட்டது, அவர் கொஞ்சமும் குறை நினைக்கவில்லை. புல் கொப்பியை எடுத்து மகளின் கையில் வைத்துவிட்டு, கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

"எனக்கு ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது, ஒங்கப்பனுக்கும் தெரியாது. இதவிட நல்ல பூட்டு எங்கடி கெடைக்கும்?"

தரம் பிரித்த கை

நவராத்திரி முடிந்து தீபாவளிக்கு மூன்று வாரம். தட்டில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. செல்வராணி அக்கா எட்டிப் பார்க்க வந்தார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "சனம் வாங்க வருதுங்க்கா, எத எடுக்கிறதுன்னு தெரியாம வச்சிட்டுப் போயிருது" என்றேன். அவர் ஒரு பழைய பேப்பரைத் தரையில் விரித்து உட்கார்ந்தார். கொப்பிகளை மடியில் போட்டு, ஒவ்வொன்றாகத் தாளைப் பெருவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்து, மூன்று குவியலாகப் போட ஆரம்பித்தார். கண் எங்கோ இருந்தது, கைதான் வேலை செய்தது. பத்து நிமிடத்தில் எல்லாம் பிரிந்துவிட்டது. முதலாளி எழுந்து வந்து நின்று பார்த்தார்.

பிறகு அக்கா சொல்லச் சொல்ல, தேயிலைத் தரத்தின் பெயர்களையே நான் துண்டில் எழுதி ஒட்டினேன். மெல்லிசும் மழமழப்பும் பீ.ஓ.பி. நடுத்தரம் பெக்கோ. சொரசொரப்பும் தடிப்பும் டஸ்ட். எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்த நாளிலிருந்து கடையே மாறிப்போனது. தேயிலைத் தரம் தெரியாதவர் எங்கள் பக்கத்தில் யார்? யாரும் எல்லாவற்றையும் புரட்டவில்லை. வந்தார்கள், "பெக்கோவில ஒண்ணு" என்றார்கள், போனார்கள். பேனையால் தினமும் எழுதுபவருக்குப் பீ.ஓ.பி, படம் கீறுபவருக்குப் பெக்கோ, போட்டோ ஒட்டுபவருக்கு டஸ்ட் என்று நானும் பெரிய தொழிற்சாலை டீமேக்கர் மாதிரிச் சொல்லப் பழகிவிட்டேன்.

ஒருநாள் கொழுந்து பறிக்கும் ஐந்தாறு அக்காமார் சேர்ந்து வந்தார்கள். மகனுக்கு முதல் பிள்ளை பிறந்திருக்கிறதாம், பிள்ளை தவழ்ந்தது, பல் முளைத்தது எல்லாவற்றையும் மருமகள் எழுதிவைக்கக் கொப்பி வேண்டுமாம் ஒருவருக்கு. சின்னப் பிள்ளை படமெல்லாம் ஒட்ட டஸ்ட்தான் தாங்கும் என்று என் புது அறிவைக் காட்டினேன். அவர் என் கையைத் தள்ளிவிட்டு மேல் அடுக்கைக் காட்டினார்.

"நல்ல தேயிலையெல்லாம் கப்பல்ல ஏத்திட்டு எங்களுக்கு டஸ்ட்டத்தானே தாறாங்க. கொப்பியாவது பீ.ஓ.பி-யா குடு தாயி!"

ஏஜெண்டின் படிக்கட்டு

தீபாவளிக்கு முந்தின வாரம், வியாழக்கிழமை, தட்டு காலி. ஓரம் மடங்கிய ஒரேயொரு டஸ்ட் மட்டும் கிடந்தது. அதையும் முதலாளி தன் மேசைக்கு எடுத்துக்கொண்டார். யாரையும் பாராட்டிப் பழக்கமில்லாத மனிதர், காலண்டரைப் பார்த்துக்கொண்டே, "அடுத்தது ரெண்டு சாக்கு கொண்டாரச் சொல்லு. பீ.ஓ.பி கூடப் போடச் சொல்லு" என்றார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அக்கா கையெழுத்துப் போடவேண்டிய நாள் இன்றைக்குத்தான். தட்டு காலியானது அவருக்குத் தெரியாது. லயத்தில் யாரிடம் போன் இருந்தது அப்போது?

பென்சில் கேட்டு நின்றவரை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ஏஜெண்டின் அலுவலகம் மேல் வீதியில், ஒரு நகைக்கடையின் மாடியில். அக்கா படிக்கட்டில் பாதி ஏறிவிட்டார். நல்ல சேலை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்திருந்தார். மூச்சிரைக்க, "எல்லாம் வித்துருச்சிக்கா, ரெண்டு சாக்கு கேக்குறாரு" என்றேன். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். பிறகு மேலே ஏறிப் போனார். கையெழுத்துப் போடத்தான் போகிறாரோ? அந்தப் படிக்கட்டின் அடியில் நின்ற பத்து நிமிடம் என் வாழ்க்கையிலேயே நீளமான பத்து நிமிடம்.

கதவு திறந்தது. அக்கா பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, ராணி மாதிரி இறங்கி வந்தார். என்னக்கா சொன்னீங்க என்றேன்.

"எனக்கு நேரமில்லன்னுட்டேன் தங்கச்சி. தோட்டத்துத் தொரமாரு மட்டுந்தான் அப்புடிச் சொல்லி நான் கேட்டிருக்கேன், வாயால சொல்றப்ப என்னா சொகமா இருக்கு தெரியுமா!"

ஊரையெல்லாம் டயறி எழுதவைத்த நான் இன்றுவரை ஒரு பக்கம்கூட எழுதியதில்லை, ஆகவே இது எந்த வருடம் நடந்தது என்று மட்டும் தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள்.