சவுக்கு நிழலில் ஒரு காணி

புறப்பட்ட வியாழக்கிழமை மதியம் எங்கள் ஏம்பலம் வீட்டு வாசலில் இருந்தவர்கள்: நான், என் மனைவி செல்வி, மாடுகளைப் பார்த்துக்கொள்ளப்போகிற மகன் தினேஷ், அவனுக்குத் துணையாக என் அண்ணன், பக்கத்து வீட்டு வேலாயுதம், வாடகைக் கார் ஓட்டுகிற தம்பி. ஆறு பேர். இதில் ஐந்து பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் பெட்டியை மறுபடி திறந்து பாஸ்போர்ட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"யோவ் ஏழுமல, அது உன் சட்டப் பையிலதான்யா இருக்குது. பொட்டிய இன்னாத்துக்குக் கொடஞ்சிகினு இருக்க?" என்றார் வேலாயுதம். "தங்கச்சி, இவன பிளேன்ல ஜன்னல் பக்கம் வுடாத. றெக்க ஆடுதுன்னு எறங்கிடப் போறான்."

போகிற இடம் ரீயூனியன் தீவு. ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே நடுக்கடலில் இருக்கிறது. பிரான்சு தேசத்துக்குச் சொந்தம். கூப்பிட்டவன் கலியபெருமாள், கரிக்கலாம்பாக்கத்துக்காரன். ஏழாம் வகுப்பு வரை என்னோடு ஒரே பெஞ்சு. நான் அதோடு நின்றுவிட்டேன். அவன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய், எங்கள் பேச்சில் சொல்தா, என்பதால் அவனுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை உண்டு. இளவயதில் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். போகும்போது தன்னுடைய ஒரு காணி நிலத்தை என்னிடம் குத்தகைக்கு விட்டுப் போனான். அதை ஒட்டி எனக்குச் சொந்தமாக ஒரு காணி. இரண்டையும் சேர்த்து உழுவதால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது.

"டிக்கெட் நான் எடுக்கறேன்டா, தங்கச்சியக் கூட்டிகினு வா, பாஞ்சி நாளு கடல்ல குளிச்சிட்டுப் போ" என்று போனில் சொன்னான். சந்தோஷம்தான். ஆனால் பேசும்போதெல்லாம், "அறுப்பு முடிஞ்சிதா? வயல்ல மேக்கொண்டு ஒண்ணும் வெக்கலயே?" என்று கேட்டான். எதற்குக் கேட்கிறான்? எங்கள் பக்கம் வயல் எல்லாம் மனையாகிக்கொண்டிருக்கிறது. கார் கரிக்கலாம்பாக்கத்தைத் தாண்டும்போதே பார்த்தேன்: போன வருஷம் நெல் நின்ற இடத்தில் மஞ்சள் கல் நட்டு, கலர் கொடி கட்டியிருந்தார்கள்.

"விக்கப் போறான் செல்வி" என்றேன்.

"வித்தா விக்கட்டும். இப்பவே அழுதா கடல்ல உப்பு கொறஞ்சா போவுது?" என்றாள்.

தவளக்குப்பம் சந்திப்பில் வழக்கமான நெரிசல். அதைக் கடந்து புதுச்சேரி, அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலை. சென்னை விமான நிலையம் சேர மாலையாகிவிட்டது. கார் வாடகை சுங்கம் சேர்த்து 3,800 ரூபாய். போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: சென்னை, மும்பை, மொரீஷியஸ், அங்கிருந்து ரீயூனியன் என்று மூன்று விமானம் ஏற வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் பெல்ட்டைக் கழற்றச் சொல்வார்கள். கழற்றினால் விழாத கால்சட்டையாகப் போட்டுக்கொண்டு போங்கள். மும்பையிலிருந்து மொரீஷியஸ் வரை கீழே வெறும் இருட்டு. செல்வி தூங்கினாள். நான் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து விழித்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் இறங்கினோம். அங்கே நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால். கண்ணாடிக் கூண்டில் இருந்த பெண் அதிகாரி, கலியபெருமாள் அனுப்பிய அழைப்புத் தாளை வெகுநேரம் பார்த்தாள். மேரி என்று நம் புதுச்சேரியிலும் சொல்கிறோமே, அந்த நகராட்சி அலுவலகத்தில் முத்திரை வைத்து வாங்கிய தாள். கடைசியில் செல்வியைப் பார்த்து, "வணக்கம்" என்று தமிழில் சொல்லி முத்திரை குத்திவிட்டாள். பெயரைக் கேட்டால் நம் முன்னோர் பெயர் போலவே இருக்கிறவர்கள் அங்கே நிறையப் பேர். பேச்சு மட்டும் வேறு.

கலியபெருமாள் வெளியே நின்றிருந்தான். தலை நரைத்து, தொப்பை போட்டிருந்தான். கட்டிக்கொண்டு விடவே இல்லை.

"இன்னாடா இப்டி எளச்சிட்ட?"

"நீ இன்னாடா இப்டி பெருத்துட்ட?"

அவன் வீடு செந்-போல் என்கிற ஊரில். கிட்டத்தட்ட முப்பத்தைந்து கிலோமீட்டர். வழியில் கொஞ்ச தூரம், சாலையே கடலுக்குள் தூண் போட்டு நிற்கிறது. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் தண்ணீர். மலைச்சரிவில் கரும்பு. எங்கள் ஏம்பலத்துக் கரும்பைவிடக் குட்டை, ஆனால் சோகை உரிக்காமலே நின்றது. அதைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். நிலம் என்கிற பேச்சே வேண்டாம் என்று மூடிக்கொண்டேன்.

அவன் மனைவி மல்லிகா மீன் குழம்பும் சோறும் வைத்திருந்தாள். இலைக்குப் பதில் தட்டு. மற்றபடி நம் பாகூர்ப் பக்கத்துக் குழம்புதான். "நீயும் உட்காருடா" என்றேன். "நீங்க சாப்டுங்க, எனக்குப் பசிக்கல" என்று கலியபெருமாள் தானே பரிமாறினான். ராத்திரியும் அப்படியே. சர்க்கரை வியாதி, நேரம் பார்த்துத்தான் சாப்பிடுவேன் என்றான்.

சனிக்கிழமை காலை கடற்கரை ஓரச் சந்தைக்குக் கூட்டிப்போனான். முருங்கைக் கீரையை அங்கே 'முருங்' என்று விற்கிறார்கள். ஒரு கட்டு இரண்டு ஈரோ, நம் காசில் ஏறத்தாழ இருநூறு ரூபாய். செல்வி அந்தக் கட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, குழந்தையை வைப்பது போலத் திரும்ப வைத்தாள். மதியம் கடையில் கோழிக் குழம்பும் சோறும் பொட்டலமாக வாங்கினோம், ஒன்று எட்டு ஈரோ. எங்கள் இரண்டு பேருக்கும் மல்லிகாவுக்குமாக மூன்று பொட்டலம்தான் வாங்கினான். அவனுக்கு இல்லை.

அப்போது எனக்குப் புரிந்துபோயிற்று. எங்கள் பக்கத்தில் மனசில் ஒரு பேச்சை வைத்திருப்பவர் எதிராளியோடு உட்கார்ந்து கை நனைக்கமாட்டார். சம்பந்தம் பேசப்போனாலும், பாகம் பிரிக்க உட்கார்ந்தாலும் பேச்சு முடிந்த பிறகுதான் சாப்பாடு. முதலில் சாப்பிட்டுவிட்டுப் பிறகு பேசினால் சோற்றைப் போட்டு வாயை அடைத்ததாக ஆகிவிடும். இத்தனை வருஷம் வெளிநாட்டில் இருந்தும் அவன் அதை விடவில்லை. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எர்மித்தாஜ் கடற்கரை. அவன் வீட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டர் இருக்கும். எங்கள் பக்கத்துக் கடற்கரையில், நரம்பையிலும் மூர்த்திக்குப்பத்திலும் பார்க்கிற அதே சவுக்கு மரங்கள் கரை நெடுக நிற்கின்றன. அடியில் குடும்பம் குடும்பமாக அண்டாவும் பாயும் கொண்டுவந்து சமைத்துச் சாப்பிடுகிறார்கள். தூரத்தில் கடலுக்குள் பவளப்பாறை வரிசை. அலை அங்கேயே உடைந்து நுரையாகிவிடுகிறது. அதற்கு இந்தப் பக்கம் தண்ணீர் ஏரி மாதிரிக் கிடக்கிறது. பாறைக்கு அந்தப் பக்கம் சுறா உண்டு என்று பலகை. நான் இந்தப் பக்கத்திலும் இறங்கவில்லை.

மல்லிகா பாயை விரித்துத் தட்டுகளை வைத்தாள். கலியபெருமாள் கரண்டியை எடுத்தான். நான் தட்டைத் தள்ளிவைத்தேன்.

"நீ உக்காந்தாதான் நான் கை வெப்பேன்."

"டேய், சுகர்டா..."

"எனக்குத் தெரியும். சொல்லிடு."

கரண்டியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தான். கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வேல பாத்த கெடங்க மூடிட்டாங்கடா. இப்ப பாதி நாள் வேலதான். வூட்டுக் கடன் இன்னும் நிக்குது. நெலத்த மனை போடறவங்களுக்குப் பேசிட்டேன். அட்வான்ஸும் வாங்கிட்டேன். போன்ல சொல்ல வாய் வர்ல. எத்தினி வாட்டி எடுத்தேன் தெரியுமா? அறுத்தாச்சான்னு கேட்டுட்டு வெச்சிடுவேன். உன் மொகத்தப் பாத்துதான் சொல்லணும்னு, அந்த அட்வான்ஸுலதான் உங்க டிக்கெட்ட எடுத்தேன்."

பக்கத்துப் பாயில் ஒரு குழந்தை தர்ப்பூசணிக்கு அழுதது.

"அப்ப நம்ம உழுத வயல வித்து நாமளே ஏறி வந்திருக்கோம்" என்றாள் செல்வி என்னிடம். கோபமாகச் சொல்லவில்லை. மல்லிகாதான் அழுதாள். "அண்ணி, ரெண்டு வருசமா இவுரு இந்தக் கடல் பக்கமே வர்ல" என்றாள்.

ஒன்று சொல்ல வேண்டும்: ஆறு மாதமாகப் பயந்ததைவிட அது சின்னதாக இருந்தது. நிலம் அவனுடையது. விற்கிறான். இதற்குமேல் என்ன என்று நினைத்தபோது செல்வி கேட்டாள்.

"நெலம் உன்து அண்ணா. வித்துக்க, நாங்க இன்னா சொல்ல முடியும்? ஆனா பொது போர்வெல் தண்ணி உன் நெலத்து வாய்க்கா வழியாதான் எங்க காணிக்கு வருது. அத மூடி ரோடு போட்டுட்டா?"

எதையெதையோ நினைத்துப் பயந்தவன் இதை நினைக்கவே இல்லை. ஒரு காணி போனால் பாதிச் சோறு. வாய்க்கால் போனால் இரண்டு காணியும் போன மாதிரி.

கலியபெருமாள் முகம் மாறியது. அவனும் நினைத்திருக்கவில்லை. எழுந்து சவுக்கு மரத்தில் சாய்ந்துகொண்டு, மனை போடுகிறவருக்குப் போன் போட்டான். ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்கவில்லை. எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தான்.

"சார், லேஅவுட் வரஞ்சாச்சி சார். இருபதடி ரோடு வுட்டிருக்கோம்."

"ரோட்டு ஓரமா வாய்க்காலுக்கு மூணடி வுடுங்க."

"மூணடின்னா நீளத்துக்கும் போவும் சார். எத்தினி குழி நெலம் அடிபடும்?"

"என் கணக்குல கழிச்சிக்குங்க."

"சார், யோசிச்சி..."

"நான் வந்தாதான கையெழுத்து? பொது வாய்க்கால்னு பத்திரத்துல எழுதலன்னா பேனாவத் தொடமாட்டேன். அட்வான்ஸ வாங்கிக்குங்க, டிக்கெட்டுக் காசு போக மீதி கையில இருக்குது."

எதிர்ப்பக்கம் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி சார், வரஞ்சி அனுப்பறேன்" என்று குரல் வந்தது.

நான் சும்மா இருப்பேனா? "போன்ல சொன்னா நிக்குமாடா? நாளைக்கி வூடு கட்றவன் மண்ணப் போட்டு மூடிட்டா?" என்று கேட்டேன்.

"நீ அங்கதான இருக்க? ராவெல்லாம் முழிச்சிருந்து பயப்படற ஆளு. உன்ன மீறி எவன் மூடுவான்?" என்றான். மல்லிகா அழுகையோடே சிரித்துவிட்டாள்.

பிறகு நான்கு பேரும் சாப்பிட்டோம். குழம்பு ஆறிப்போயிருந்தது. கலியபெருமாள் மூன்று முறை சோறு வாங்கிக்கொண்டான்.

மாலையில் அவன் போனுக்கு வரைபடம் வந்தது. ரோட்டுக்கும் மனைகளுக்கும் நடுவில் நீலத்தில் ஒரு கோடு. விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். அவன் வடக்கு வரப்பில் தொடங்கி என் நிலத்து முனையில் முடிகிறது. தினேஷுக்கு அனுப்பச் சொல்லி, வேலாயுதத்தையும் ஒருமுறை பார்க்கச் சொன்னேன்.

திங்கள் காலை மறுபடி எர்மித்தாஜ். செல்வியும் மல்லிகாவும் புடவையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் கலியபெருமாளும் இறங்கினோம். நம் கடலில் காலை வைத்தால் மணலை உருவி ஆளை இழுக்கும். அலையைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். இங்கே எதுவும் இழுக்கவில்லை. கால்விரல் தெரிகிற தண்ணீர். கால்களுக்கிடையில் சின்ன மீன்கள் போயின. இப்படி ஒரு தண்ணீரில் எப்படி நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"ஆடியில இன்னா வெதைக்கப் போற?" என்றான் கலியபெருமாள். இந்த முறை அந்தக் கேள்விக்கு நான் பயப்படவில்லை.

கரும்பு இனி முடியாது, இடம் போதாது. நெல்தான். ஒரு காணிதான். அதற்குத் தண்ணீர் வரும்.