மேல் வீட்டு டீச்சரின் இதயம்

போன சனிக்கிழமையிலிருந்து நான் லிப்டில் ஏறுவதில்லை. மூன்றாம் மாடிக்குப் படியால்தான் போகிறேன். உடற்பயிற்சி என்று நினைத்துவிடாதீர்கள் — வெட்கம்.

சீனி கூடிவிட்டது என்று டொக்டர் பயமுறுத்தியதில், வெள்ளவத்தை ஃப்ளாட்டுக்குள்ளேயே சைக்கிள் மிதிக்கத் தொடங்கினேன். பழைய சைக்கிளின் பின் சில்லைக் கழற்றிவிட்டுப் பூட்டுகிற ட்ரெய்னர், நுகேகொடையில் வாங்கியது. இதயத் துடிப்பை அளக்க நெஞ்சில் கட்டும் பட்டி, லண்டன் மச்சான் தந்தது. டேப்லெட்டில் போட்ட ஆப் இன்னொரு கம்பனி. மூன்றும் மூன்று பிராண்ட்... ஒன்றையொன்று திரும்பியும் பார்க்கவில்லை.

ஒரு கிழமை மல்லுக்கட்டினேன். ஒருநாள் காலை ஆப்பில் ஏதோ ஒரு பட்டியின் பெயர் தெரிந்தது. என்னுடையதாக்கும் என்று தொட்டேன். உடனே துடிப்பு 96 என்று வந்தது. மூச்சு வாங்க மிதிக்கிறேன், அப்போதும் 96. இந்த வயதில் இப்படி ஓர் இதயமா? படம் பிடித்து ஃப்ளாட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். நாலு பேர் பாராட்டினார்கள்.

இரண்டு நாள் கழித்து, நேர் மேல் வீட்டு டீச்சரை லிப்டில் சந்தித்தேன். பைபாஸ் செய்து மூன்று மாதம். துடிப்பு 110ஐத் தாண்டாமல் சைக்கிள் மெஷின் மிதிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"தம்பி, மகள் கனடாவிலயிருந்து அனுப்பின பட்டி இப்ப ஒண்டும் காட்டுதில்லை. உங்களுக்கு உதெல்லாம் தெரியும்தானே. ஒருக்கா வந்து பாப்பீங்களோ?"

போய்ப் பார்த்திருக்கலாம். ஒரு மாடிதானே? எனக்கும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

"கண்ட கண்ட பிராண்டை வாங்கினா உப்பிடித்தான் டீச்சர். நம்பர் என்னத்துக்கு? சும்மா மிதியுங்கோ," என்றேன்.

சனிக்கிழமை காலை. சைக்கிளில் ஏறுமுன் பிளேன்டீ குடித்துக்கொண்டே ஆப்பைத் திறந்தேன். என் பட்டி மேசையில் கிடக்கிறது. திரையில் 104.

மேசையில் கிடக்கிற பட்டிக்கு ஏது இதயம்?

மேலே மெஷின் மிதிக்கிற சத்தம் கேட்டது. 118... 127... 139. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பட்டி ஒரு நேரத்தில் ஒரு கருவியோடுதான் சேருமாம். டீச்சருடைய பட்டியை என் டேப்லெட் இத்தனை நாளும் பிடித்து வைத்திருந்திருக்கிறது. நான் பெருமையாகக் குரூப்பில் போட்டது அவருடைய இதயத்தை.

படியால் ஓடினேன். டீச்சரின் கணவர் கதவைத் திறந்தார். உள்ளே டீச்சர் முகம் வெளிறி, ஹேண்டிலில் சாய்ந்துகொண்டு மிதிக்கிறார்.

"நிப்பாட்டுங்கோ டீச்சர், இறங்குங்கோ."

தண்ணீர் குடித்து, ஆறுதலாக இருந்தபிறகு கேட்டார்: "நல்ல வேளை வந்தனீங்கள் தம்பி. எப்பிடித் தெரிஞ்சது?"

"சும்மாதான்... பட்டியைப் பாப்பம் எண்டு வந்தனான்."

பொய். அதோடு விட்டேனா? பட்டியைக் கையில் வாங்கி, திருத்துகிறமாதிரி இரண்டு தரம் துடைத்தும் கொடுத்தேன். கீழே வந்து ஆப்பிலிருந்து அந்தப் பட்டியின் பெயரை அழித்தேன்.

மறுநாள் டீச்சர் கணவரிடம் ஒரு தட்டு வடை கொடுத்தனுப்பியிருந்தார். "தம்பியின்ர கை பட்டதோட பட்டி வேலை செய்யுதாம்," என்றார் மனுஷன்.

தெரியாது என்று சொல்ல வாய் வராதவனிடம்தான் ஊரே உதவி கேட்டு வருகிறது. ஒரு மாடி ஏறிப்போய் உதவாத நான், பிராண்டுகளுக்குள் ஒற்றுமை இல்லை என்று இனி வாய் திறக்க மாட்டேன்.

டீச்சர் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை வாராவாரம் வாசிப்பவர். முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லாமல் இங்கே எழுதுகிறேன்.

மன்னியுங்கோ டீச்சர்... அந்த வடையை நான் சாப்பிடவில்லை.